உறைமழையும் ஒன்பதாம் மாடியும்

மன்னாரில் நான் ஐஸ் வியாபாரி. பேசாலைக் கரையில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ்கட்டி கொடுப்பதுதான் தொழில். ஜனவரியில் ரொறன்ரோவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் கரையில் எல்லோரும் ஒரே பகிடியைத்தான் விட்டார்கள். "ஐஸ்காரன் ஐஸ் பாக்கப் போறான்!" நானும் சேர்ந்து சிரித்தேன். ஐஸைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று உள்ளூர ஒரு எண்ணம். வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே வாகனத் தரிப்பிடத்தில் மல்லாக்க விழுந்தபோது அந்த எண்ணம் போய்விட்டது.

பார்க்க ஆசைப்பட்டுப் போன பயணம் அல்ல இது. அக்கா பிலோமினா ஸ்காபரோவில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருக்கிறார். அத்தான் இப்போது இல்லை. அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ் நிலையத்துக்குப் போய் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தப்படுத்த வேண்டும். கூட்டிப் போய் வருவது மகள் ஷெரின். அவளை வேலையிடத்தில் ஜனவரியில் மூன்று கிழமைப் பயிற்சிக்குக் கல்கரிக்கு அனுப்ப இருந்தார்கள். "மாமா, அம்மா தனிய மனேஜ் பண்ணுவன் எண்டு சொல்லுறா. பட் ஐ டோன்ட் ட்ரஸ்ட் ஹேர்," என்று தொலைபேசியில் சொன்னாள். அடுத்த நாளே விசா வேலையைத் தொடங்கிவிட்டேன்.

அக்கா எனக்காக அத்தானின் குளிர்ச்சட்டையை அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருந்தார். அத்தான் நல்ல உயரம். சட்டை எனக்கு முழங்காலைத் தாண்டியது. "சாமியார்மாற்றை அங்கி மாதிரிக் கிடக்கு," என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது முகம் எங்கள் அம்மாவின் முகம்தான். ஆனால் கை மெலிந்து, இடது முழங்கைக்குக் கீழே ஊசி ஏற்றும் இடத்தில் நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது.

சாப்பாடுதான் முதல் நாள் என்னை அழவைக்கப் பார்த்தது. அக்காவின் கையால் பாரைமீன் குழம்பு சாப்பிட்டவர்கள் அதைப் பற்றி வருடக்கணக்காகப் பேசுவார்கள். இப்போது அவருக்குத் தக்காளி கூடாது, தேங்காய்ப்பால் கூடாது, வாழைப்பழம் கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, உப்பு கூடாது. தண்ணீர்கூட அளந்துதான். தாகம் எடுத்தால் ஒரு சின்ன ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு மெல்ல மெல்ல உருகவிடுவார். எனக்கு மட்டும் குழம்பு வைத்துத் தந்துவிட்டு, மூடியைத் திறந்து ஒருதரம் மணந்து பார்த்தார். "உப்புக் காணும் போல. சரியோ, தம்பி?" என்று கேட்டார். சரியாகத்தான் இருந்தது.

நான் விழுந்த கதைக்கு வருகிறேன். குப்பைப் பையைப் போடக் கீழே போனேன். நிலம் ஈரமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அடுத்த கணம் வானம் தெரிந்தது. பக்கத்தில் ஒரு பெண்ணின் பெரிய சிரிப்புச் சத்தம். பிறகு ஒரு கை நீண்டு என்னைத் தூக்கியது. அக்காவின் பக்கத்து வீட்டு மார்சியா. ஜமெய்க்காவிலிருந்து வந்தவர், முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. "நானும் வெயில் தீவிலிருந்து வந்தவள்தான்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "முதல் குளிர்காலம் முழுக்க எனக்குப் பின்பக்கம் நீலமாகத்தான் இருந்தது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கு. பாதத்தை உயரத் தூக்காதே. தாரா நடக்கிறதைப் பார்த்திருக்கிறாயா? அப்படி நட." ஐம்பது வயதைத் தாண்டிய நான் ஸ்காபரோவில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் வாத்து மாதிரி ஆடி ஆடித் தாரா நடை பழகினேன்.

வியாழக்கிழமை அக்காவோடு டயலிசிஸ் நிலையத்துக்குப் போனேன். வழக்கமாக வரும் தமிழ் டாக்சிக்காரர் கட்டட வாசலிலேயே ஏற்றினார். நிலையத்தில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு இயந்திரம். தெரேசா என்ற பிலிப்பைன்ஸ் தாதி அக்காவைக் கண்டதும், "என் ராணி வந்தாச்சு," என்றாள். அடுத்த நாற்காலியில் நிக்கோஸ் என்ற கிரேக்கக் கிழவர். அவருக்கு எதுவும் பிடிக்காது. தலையணை தடிப்பம், தொலைக்காட்சி சத்தம், தெரேசாவின் கை குளிர். நான் மன்னார் என்றதும், "அங்கே எவ்வளவு வெயில்?" என்று கேட்டார். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொருதரம் சொல்லு," என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைத்தொகுதிக்குப் போனால் சனக்கூட்டம். இரவு உறைமழை வரப்போகிறதாம். மெழுகுதிரி, சாப்பாட்டுக்குப் பாண், உப்பு மூட்டை என்று ஆளாளுக்கு அள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டார்கள். "உது சும்மா வெருட்டுறாங்கள். போன வருசமும் உப்பிடித்தான் சொன்னவங்கள்." மற்றவர், "வெருட்டினாலும் பறவாயில்லை, நான் ரெண்டு பாண் எடுக்கிறன்," என்றார். நானும் இரண்டு பாண் எடுத்தேன். நாங்கள் ஊரில் ஐஸ்கட்டியை உமி போட்டு மூடி, சாக்கால் சுற்றி, படகு போகும்வரை உருகாமல் காப்பாற்றப் படாத பாடு படுவோம். இங்கே அதை உருக்குவதற்கு ஊரே உப்பு வாங்குகிறது.

உறைமழை என்றால் என்னவென்று நான் அன்றுவரை கண்டதில்லை. வானத்திலிருந்து தண்ணீராகத்தான் விழுகிறது. விழுந்து தொட்ட இடத்தில் ஐஸாகிவிடுகிறது. சனிக்கிழமை விடிந்து யன்னலைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே இன்னொரு கண்ணாடி படிந்திருந்தது. கீழே மரம், கம்பி, கார், மதில் எல்லாமே பளபளவென்று ஐஸுக்குள் இருந்தன. எல்லாவற்றையும் மறந்து சில நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு தெரு முனையில் பெரிய மரமொன்று முறிந்து கம்பிகள் மேலே விழுந்தது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் நின்றது. வெப்பமூட்டி நின்றது. லிப்டும் நின்றது.

அன்று அக்காவின் முறை. கைத்தொலைபேசிகளில் மின் குறைந்துகொண்டு வந்தது. ஆனால் அக்கா கைவிடாமல் வைத்திருந்த பழைய வயர் தொலைபேசி மின்சாரம் இல்லாமலே வேலை செய்தது. டாக்சிக்காரர் அதில் கூப்பிட்டார். "அக்கா, காருக்கு மேலை மரம் விழுந்து கிடக்கு. நான் வெளிக்கிடேலாது. குறை நினையாதேங்கோ." நிலையத்துக்கு எடுத்தால் அங்கேயும் மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர் பொருத்துகிறோம், பொறுங்கள் என்றார்கள்.

பொறுத்தோம். வீடு குளிர்ந்துகொண்டே போனது. அக்காவுக்கு இரண்டு போர்வை போர்த்தி, மேலே அத்தானின் குளிர்ச்சட்டையையும் போட்டேன். மார்சியா மெழுகுதிரியும் கையுமாக வந்து எங்களோடு இருந்தார். பின்னேரம் அக்காவின் கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கதிரையில் இருந்தபடியே கண்ணயர்ந்தார்.

ஞாயிறு காலையில் தொலைபேசி அடித்தது. தெரேசா. "ஜெனரேட்டர் ஓடுகிறது. எப்படியாவது கூட்டிக்கொண்டு வாருங்கள். நாற்காலியை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்." அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். "இன்று வரத்தான் வேண்டும்," என்றாள்.

அம்புலன்சுக்கு எடுத்தோம். வருவோம், ஆனால் வீதிகள் அடைபட்டுக் கிடக்கின்றன, எப்போது என்று சொல்ல முடியாது, மூச்சு மோசமானால் உடனே திரும்ப எடுங்கள் என்றார்கள். அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, நான் மெல்ல மெல்லப் படியிலை இறங்குறன்," என்று எழும்பினார். கதவுவரை நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாத ஊர், தெரியாத மொழி மாதிரியான ஒரு ஆங்கிலம், ஒன்பது மாடி இருட்டுப் படி. அப்போதுதான் மார்சியா குசினிக்குள் போய் ஒரு பெரிய பானை மூடியையும் அகப்பையையும் எடுத்தார். படிக்கட்டுக் கதவைத் திறந்து, மூடியில் ஓங்கி அடித்தார். கட்டடம் முழுக்க அதிர்ந்தது. "ஒன்பதாம் மாடியில் ஒரு நோயாளி! கீழே கொண்டுபோக வேண்டும்! பலமுள்ளவர்கள் வாருங்கள்!" என்று கத்தினார். திரும்பவும் அடித்தார்.

முதலில் வந்தவர் ஏழாம் மாடி சிவநேசன் அண்ணை. பாண் போடும் வெதுப்பகம் ஒன்றில் வேலை செய்பவர், நெற்றியில் திருநீறு, தலையில் கம்பளித் தொப்பி. "என்னக்கா, என்ன நடந்தது?" என்று மேலே ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும், "என்னட்டை வான் நிக்குது, வழுக்காத வின்டர் ரயர் போட்டது. கீழை கொண்டுபோனால் நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறன்," என்றார். பின்னாலேயே எட்டாம் மாடியிலிருந்து ஆப்கானிய சகோதரர்கள் இருவர் வந்தார்கள். அக்காவைச் சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருத்தி, படுக்கை விரிப்பால் இடுப்பைச் சுற்றிக் கதிரையோடு கட்டினோம். நால்வர் நான்கு காலில் பிடித்தோம்.

படிக்கட்டு ஒடுக்கம். திருப்பத்தில் கதிரையைத் தலைக்கு மேலே தூக்கித்தான் திருப்ப முடிந்தது. ஒவ்வொரு மாடியிலும் சில கதவுகள் திறந்தன. ரோர்ச் வெளிச்சத்தோடு முகங்கள் எட்டிப் பார்த்தன. ஐந்தாம் மாடியில் என் பிடி வழுக்கத் தொடங்கியதைக் கண்டு, இரவு உடுப்போடு நின்ற உயரமான ஒரு ஆபிரிக்க மனிதர் என்னை விலக்கிவிட்டு அந்தக் கதிரைக் காலைப் பிடித்தார். நாலாம் மாடியில் இன்னொருவர் மாறினார். மூன்றாம் மாடியில் ஒரு வயதான தமிழ் அங்கிள். அவரால் தூக்க முடியாது. ரோர்ச்சைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் பின்பக்கமாக இறங்கினார். "படி... படி... திருப்பம்... மெதுவா, மெதுவா..." என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அக்கா இரண்டு கையாலும் கதிரையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போனபோது கேட்டது. "எல்லாருக்கும் கரைச்சல் குடுக்கிறன், எல்லாருக்கும் கரைச்சல் குடுக்கிறன்..." சிவநேசன் அண்ணைக்கும் அது கேட்டது. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "அக்கா, ரெண்டு நாளா வீட்டுக்குள்ளை குந்தியிருந்து அலுத்துப்போனம். எங்களுக்கும் ஒரு வேலை வேணும்தானே." அக்கா கண்ணைத் திறந்தார். அந்த நிலையிலும் சிரித்தார்.

கீழே வந்தால் இன்னொரு சோதனை. வாசலிலிருந்து வான் நின்ற இடம்வரை சரிவு. முழுக்க ஐஸ். உப்புப் போட்டும் உருகவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் நால்வரும் சேர்ந்து விழுவது நிச்சயம். ஆப்கானிய சகோதரர்களில் இளையவர் கீழ்த்தளச் சாமான் அறைக்கு ஓடிப்போய், தன் பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடும் சிவப்புப் பிளாஸ்ரிக் வள்ளம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குள் போர்வை விரித்து அக்காவை இருத்தினோம். வள்ளக் கயிற்றை நான் பிடித்தேன். பின்னால் விரிப்பைக் கட்டி இருவர் இழுத்துப்பிடித்தார்கள். எல்லோரும் தாரா நடை. பாதிச் சரிவில் நான் சறுக்கிக் குந்தியபடியே போனேன். கயிற்றை மட்டும் விடவில்லை. அக்கா வானுக்குப் பக்கத்தில் பத்திரமாகப் போய் நின்றார். மேலே பல்கனிகளில் நின்ற ஆட்கள் கைதட்டினார்கள்.

வானுக்குள் வெப்பம் வந்ததும் அக்கா தலையைச் சாய்த்தார். மார்சியா பின்னால் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பெரிய வீதிக்கு வந்தபோது சமிக்ஞை விளக்குகள் ஒன்றும் எரியவில்லை. முன்னால் மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு ஒரு உப்பு லொறி, வீதியில் உப்பைத் தூவியபடி ஊர்ந்து போனது. "உவனுக்குப் பின்னாலை போவம்," என்றார் சிவநேசன் அண்ணை. மாட்டுவண்டி வேகம். நிலையத்துக்குத் திரும்பும் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் லொறி ஓரமாக நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்தார். தலைப்பாகை கட்டிய பஞ்சாபியர். இதற்கு மேல் தனக்கு வேறு பாதை என்றார். சிவநேசன் அண்ணை நாங்கள் போகும் இடத்தைச் சொன்னார். அந்த மனிதர் குனிந்து வானுக்குள் அக்காவைப் பார்த்தார். "என் தேநீர் இடைவேளையை இன்றைக்கு அந்தப் பக்கத்தில் எடுக்கிறேன். பின்னால் வாருங்கள்," என்றார். நிலையத்தின் வாசல்வரை எங்களுக்கு உப்பு வீதி போட்டுத் தந்துவிட்டு, ஒருதரம் ஹோர்ன் அடித்துப் போய்விட்டார். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

தெரேசா வாசலில் நின்றாள். மாற்றுத் தாதிகள் வர முடியாததால் வீட்டுக்குப் போகவில்லை. நோயாளிகளின் சாய்வு நாற்காலியிலேயே படுத்து எழும்பியிருந்தாள். அக்காவின் காலைப் பார்த்தாள், மூச்சைக் கேட்டாள், உடனே வேலையைத் தொடங்கினாள். ஜெனரேட்டரில் எல்லா இயந்திரமும் ஓடாது, வந்திருந்தவர்களோ நிறையப் பேர். ஆகவே எல்லோரும் வழக்கமான நேரத்தைக் குறைத்துக்கொண்டால்தான் எல்லோருக்கும் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். அது அவர்களுடைய உயிர், நான் குறை சொல்லமாட்டேன். நிக்கோஸ் கிழவர் ஏற்கெனவே இயந்திரத்தில் இருந்தார். அக்கா வருவதைப் பார்த்துவிட்டுத் தெரேசாவைக் கூப்பிட்டார். "என்னுடையதை நிற்பாட்டு. எனக்கு இன்றைக்கு இவ்வளவு காணும். அந்தத் தலையணையும் எனக்குப் பிடிக்கவில்லை," என்றார். தெரேசா அவருடைய நெற்றியில் முத்தமிட்டாள். கை குளிர் என்று அவர் ஏசினார்.

இயந்திரம் ஓடத் தொடங்கி ஒரு மணித்தியாலம் போனபின் அக்காவின் மூச்சு அமைதியானது. உதட்டின் நிறம் திரும்பியது. நான் நடைகூடத்துக்குப் போய் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். சிவநேசன் அண்ணை பின்னால் வந்து முதுகில் தட்டினார். "அழுங்கோ, அழுங்கோ. நானும் வானுக்குள்ளை இருந்து அழுதிட்டுத்தான் வாறன்," என்றார்.

கட்டடத்துக்குத் திரும்ப வழியில்லை. ஒன்பது மாடி ஏற்றுவது யார்? சிவநேசன் அண்ணை யூனியன்வில்லில் இருக்கும் தன் தங்கை வசந்தி வீட்டுக்கு வானை விட்டார். அங்கே மின்சாரம் போகவில்லை. உள்ளே போனால் ஏற்கெனவே இரண்டு குடும்பங்கள் கூடத்தில் பாய் விரித்திருந்தன. வசந்தி எங்களைப் பார்த்த பார்வையில் துளி ஆச்சரியம்கூட இல்லை. "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, ரீ குடிப்பம்," என்றார். மாமியாரை டயலிசிஸில் வைத்துப் பார்த்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அக்காவைக் கேட்காமலே மரக்கறியைத் துண்டு துண்டாக வெட்டி, அவித்து, சிறுநீரகத்துக்குக் கூடாதது போகட்டும் என்று அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுத் திரும்ப அவித்தார். அதற்குள் கொஞ்சம் எலுமிச்சம்புளியும் மிளகும் போட்டு ஒரு குழம்பு. அக்கா வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "பிள்ளை, உதுக்குள்ளை என்ன போட்டனீங்கள்?" சமையல்காரி சமையல்காரியிடம் கேட்கிற கேள்வி. நான் வந்த நாளிலிருந்து அக்கா இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டது அன்றுதான். மார்சியா மூன்றாம் தரமும் வாங்கினார்.

மின்சாரம் வந்தபின் வீட்டுக்குப் போனோம். இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிறன்று ஷெரின் பயிற்சியை முடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். கதையைக் கேட்டுத் தாயைக் கட்டிப்பிடித்து, "அம்மா, யூ வென்ட் ஆன் அ ஸ்லெட்?" என்று அழுதாள், சிரித்தாள். அதற்கடுத்த நாள், திங்கட்கிழமை, அக்கா தான் சாப்பிடக்கூடாத சிப்பிப் பலகாரத்தை, மாவைச் சிப்பி போல மடித்து, சட்டி நிறையச் சுட்டு, சீனிப்பாகில் புரட்டி, பொட்டலம் பொட்டலமாகக் கட்டினார். "வா தம்பி, குடுத்திட்டு வருவம்."

மாடி மாடியாக லிப்டில் இறங்கினோம். ஆப்கானிய சகோதரர்களின் வீட்டில் பிள்ளைகள் பொட்டலத்தை வாசலிலேயே பிரித்தார்கள். சிவநேசன் அண்ணை, "எனக்குச் சீனி வருத்தம், ஆனால் தாங்கோ," என்று வாங்கினார். ஐந்தாம் மாடி உயரமான மனிதர் அக்காவை அடையாளம் காணவில்லை. இருட்டில் அவர் கண்டது ஒரு கதிரைக் காலைத்தான். நான் விளக்கியதும் வெட்கத்தோடு சிரித்தார்.

யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் அக்கா எல்லாக் கதவையும் தட்டினார். ஆறாம் மாடியில் ஒரு கதவைத் திறந்தவள் இளம்பெண், இடுப்பில் கைக்குழந்தை. அக்கா பொட்டலத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. "நான் வரவில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "சத்தம் கேட்டது. யாரோ சண்டை பிடிக்கிறார்கள் என்று பயந்து கதவுச் சங்கிலியைப் போட்டேன். பிறகு யன்னலால் பார்த்தபோது உங்களைச் சிவப்பு வள்ளத்தில் கொண்டுபோகிறார்கள். அன்றையிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இதை நான் எடுக்கக்கூடாது."

நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "கைப்பிள்ளையோடை தனிய இருக்கிறவள், இருட்டுக்குள்ளை ஆரெண்டு தெரியாமல் கதவைத் திறக்கிறதோ? நான் எண்டாலும் திறந்திருக்கமாட்டன். சொல்லு தம்பி உவளுக்கு." சொன்னேன். அக்கா பொட்டலத்தை அவள் கையில் வைத்து விரல்களை மூடினார். பிறகு கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்து அதன் மேல் வைத்தார்.

செவ்வாய் காலை டயலிசிஸுக்குப் போக நானும் அக்காவும் லிப்டில் இறங்கினோம். எனக்கு அது கடைசி முறை, அடுத்த நாள் விமானம். ஆறாம் மாடியில் லிப்ட் நின்று கதவு திறந்தது. அந்தப் பெண் நின்றாள். பிள்ளைக்குக் கம்பளி உடுப்பு மாட்டி நெஞ்சோடு கட்டியிருந்தாள். எங்கேயும் போகிற மாதிரித் தெரியவில்லை. உள்ளே வந்து அக்காவின் பையை வாங்கிக்கொண்டாள். அக்கா பெயர் கேட்டார். "செலாம்," என்றாள். அக்கா அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். வாசலில் டாக்சி நின்றது. நான் ஒரு கையைப் பிடித்தேன், செலாம் மற்றக் கையைப் பிடித்தாள். நடுவில் அக்கா சிறிய அடி வைத்து நடந்தார்.